கலியாண வீட்டில் குழந்தைக்கு என்ன வேலை?



கலியாணத்தைப்பற்றி நம் பெரியோர்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். மஹரைக் குறித்தும், கைக்கூலியைக் குறித்தும், ஆடம்பரச் செலவைக் குறித்தும் ஆலிம்கள் மேடைதோறும் எடுத்துச் சொல்லி வருகிறார்கள். ஆனால் அந்தக் கலியாணக் கூட்டத்தில் நம் இடுப்பளவு உயரத்தில் நின்று, நம் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சாராரைப்பற்றி அதிகமாக யாரும் பேசுவதில்லை. வீட்டுச் சிறுபிள்ளைகளைத்தான் சொல்லுகிறேன். கலியாண வீட்டில் அவர்களுக்கு என்ன வேலை? இந்தக் கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். சற்று நின்று யோசித்தால் அது நம் மார்க்கத்தையும், மானத்தையும், வளர்ப்பையும் தொடுகின்ற கேள்வி என்பது விளங்கும்.

இக்காலத்தில் இதில் இருவகையான போக்குகளைக் காண்கிறோம். ஒன்று, பிள்ளைகளே வேண்டாம் என்பது. அழைப்பிதழின் அடியில் சிறிய எழுத்தில், சிறுவர்களை அழைத்துவர வேண்டாமென அச்சிடும் வழக்கம் நம்மவரிடையேயும் மெல்ல நுழைந்து வருகிறது. மண்டபத்தில் நாற்காலி எண்ணிக்கை, சாப்பாட்டுக்குத் தலைக்கு இத்தனை வெள்ளி என்ற கணக்கு, படப்பிடிப்புக்கு இடைஞ்சல் என்ற காரணம் எல்லாம் சேர்ந்து பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடுகின்றன. மற்றொன்று, பிள்ளையை அலங்காரப் பொருளாக்கிவிடுவது. நாலு வயதுப் பையனுக்கு மாப்பிள்ளையைப் போலவே ஷெர்வானியும் தலைப்பாகையும் மாட்டி, ஐந்து வயதுப் பெண்ணுக்குச் சரிகையால் கனத்த பாவாடையும் முகப்பூச்சும் போட்டு, மணமக்களுக்கு முன்னால் பூத் தூவிக்கொண்டு நடக்கச் செய்து, மேடையில் ஆடச்சொல்லி, நூறு கைத்தொலைபேசிகளில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவது.

முதல் வகையார் பிள்ளையைத் தொல்லையாக எண்ணுகிறார்கள். இரண்டாம் வகையார் பொம்மையாக எண்ணுகிறார்கள். அவனும் அந்தக் குடும்பத்தில் ஒரு ஆள், இந்தச் சம்பந்தத்தில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு என்று இருவருமே எண்ணுவதில்லை. இதுதான் என் மனக்குறை.

முதலில் நிக்காஹ் என்பது என்ன என்று பார்ப்போம். அது ஓர் ஒப்பந்தம். வலியானவர் தருகிறார், மணமகன் ஏற்கிறார், இரண்டு சாட்சிகள் கேட்கிறார்கள், மஹர் குறிப்பிடப்படுகிறது. சிங்கப்பூரில் 1966ஆம் ஆண்டு இயற்றப்பட்ட முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின்படி, காதியோ நாயிப் காதியோ நடத்திவைத்துப் பதிவும் செய்கிறார். சாட்சியாக இருப்பவர் புத்தித் தெளிவுள்ள, பருவமடைந்த முஸ்லிமாக இருக்கவேண்டும். ஆகவே ஏழு வயதுப் பையன் எவ்வளவு கூர்மையாகக் கேட்டிருந்தாலும் அவன் சாட்சி சபையில் செல்லாது. சட்டப்படி அவனுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

சட்டத்தில் வேலை இல்லை என்பதால் சபையிலும் இடம் இல்லை என்று ஆகிவிடுமா? அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்தைத் திரும்பிப் பார்ப்போம். மதீனாவில் அன்ஸாரிகளின் பெண்களும் சிறுபிள்ளைகளும் ஒரு கலியாணத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்று, மனிதர்களில் தமக்கு மிகவும் பிரியமானவர்கள் அவர்கள்தாம் என்று சொன்னார்கள். இதனை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் கலியாணத்துக்குப் போயிருந்ததனால்தானே கலியாணத்திலிருந்து திரும்பினார்கள்? அவர்களைக் கண்டு எழுந்து நின்ற அந்தத் திருமேனியைவிடவா நம்முடைய மண்டபத்துக்கு மரியாதை அதிகம்?

அதே கிரந்தத்தில் ருபய்யிஉ பின்து முஅவ்விது (ரலி) அவர்களின் கலியாணச் செய்தியும் இருக்கிறது. அவர்களின் தந்தை முஅவ்விது (ரலி), கி.பி. 624இல் நடந்த பத்ருப் போரில் ஷஹீதானவர். கலியாணத்தன்று நாயகம் (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு வந்து அமர்ந்தார்கள். சிறுமிகள் தஃப் அடித்துக்கொண்டு, பத்ரில் மாண்ட தங்கள் முன்னோரின் புகழைப் பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு சிறுமி, நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடையே இருக்கிறார் என்ற கருத்தில் பாடிவிட்டாள். நாளை நடப்பதை அறிபவன் அல்லாஹ் ஒருவனல்லவா? ஆகவே அதை விட்டுவிட்டு முன்பு பாடிக்கொண்டிருந்ததையே பாடுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். அந்தச் சிறுமியை விரட்டவில்லை, பாட்டை நிறுத்தவில்லை. கலியாண வீட்டிலேயே அகீதாவில் ஒரு பாடமும் நடந்தது, மகிழ்ச்சியும் குறையவில்லை. அந்தச் சிறுமிகள் செய்தது என்ன? தந்தையை இழந்த ஒரு மணப்பெண்ணின் வீட்டில், அந்தத் தந்தை போன்றோரின் பெயரை எடுத்துப் பாடினார்கள். அவர்களுக்கு அங்கே பொருளுள்ள ஒரு வேலை இருந்தது.

வேலை என்றேனே, அதைத்தான் நாம் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிட்டோம். முன்னாளில் இந்த மலாயாக் கரைக்கு வந்த நம்மவரில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் வைத்துவிட்டுத் தனியாளாக வந்தவர்கள். கடையநல்லூர், தென்காசி வட்டாரத்து மக்கள்தாம் குடும்பம் குடும்பமாக வந்து தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறினார்கள். மற்றவர்களுக்குக் கலியாணம் என்றால் கப்பலேறி ஊருக்குப் போவதுதான். அந்த ஊர்க் கலியாண வீடுகளில் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. வெற்றிலைத் தட்டு நீட்டுவது ஒருவன், பன்னீர் தெளிப்பது ஒருவன், சஹனுக்குத் தண்ணீர் கொண்டு வருவது ஒருவன், அடுத்த தெருப் பெரியம்மா வீட்டுக்கு ஓடிப்போய்ச் சேதி சொல்வது ஒருவன். நாலைந்து பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்காரும்போது பெரியவர்களுக்கு நடுவே பிள்ளையும் உட்காருவான். கறித்துண்டைப் பெரியவர் எடுத்து அவன் பக்கம் தள்ளி வைப்பார். அவனும் வீட்டுக்காரன் என்ற எண்ணம் அவனுக்குத் தானாக வந்தது.

இன்றோ அடுக்குமாடி வீட்டில் வாழ்கிறோம். கலியாணம் புளோக்கின் கீழ்த்தளத்திலோ, சமூக மன்றத்திலோ, ஹோட்டல் மண்டபத்திலோ நடக்கிறது. சமையலுக்கு ஆள், பரிமாற ஆள், அலங்காரத்துக்கு ஆள், வரவேற்கக்கூட ஆள் என்று எல்லாம் கூலிக்கு வந்துவிட்டது. அதைக் குறை சொல்லவில்லை. எல்லாரும் வேலைக்குப் போகிற ஊரில் வேறு வழியும் இல்லை. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். பெரியவர்களுக்கே வேலையில்லாத கலியாணத்தில் பிள்ளைக்கு ஏது வேலை? அவனுக்கு மிஞ்சியது இரண்டுதான். ஒரு மூலையில் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்காருவது, அல்லது மேடையில் ஏறி வேடிக்கைப் பொருளாவது.

மேடையைப்பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு கலியாணத்தில் ஐந்து வயதிருக்கும் ஒரு சிறுமியைத் தூக்கி மேடையில் நிறுத்தினார்கள். அவள் அழுதாள். ஒலிபெருக்கி பிடித்தவர் வேடிக்கை பேசினார், கூட்டம் சிரித்தது, அவள் இன்னும் பலமாக அழுதாள். அழுகையையும் படம் பிடித்தார்கள். இறங்கப் போனவளை மறுபடியும் திருப்பி நிறுத்தினார்கள். அங்கே இருந்தவர்கள் எவரும் கெட்டவர்கள் அல்லர், அவளை நேசிப்பவர்களே. இருந்தும் அந்த நேரத்தில் அவளுடைய விருப்பம் ஒரு பொருட்டாக இல்லை.

இங்கேதான் நாம் ஆழ்ந்து யோசிக்க வேண்டும். நிக்காஹ் சபை எதன்மேல் நிற்கிறது? சம்மதத்தின்மேல். கன்ஸா பின்து கிதாம் (ரலி) என்ற பெண்மணியை அவர் விருப்பத்துக்கு மாறாக அவர் தந்தை மணமுடித்துக் கொடுத்தபோது, அவர் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட, அந்த நிக்காஹை நாயகம் (ஸல்) அவர்கள் ரத்துச் செய்தார்கள் என்று புகாரியில் வருகிறது. பெற்ற தகப்பனே செய்த காரியமானாலும் சம்மதம் இல்லையென்றால் நில்லாது. இத்தனை பெரிய கொள்கையை நிலைநாட்டுகிற ஒரு சபையில், முன்வரிசையில் ஒரு குழந்தையை அழ அழ மேடையேற்றினால், அந்தக் குழந்தை என்ன கற்றுக்கொள்ளும்? வேண்டாம் என்று சொன்னால் சிரிப்பார்கள், அழுதாலும் விடமாட்டார்கள் என்றல்லவா கற்றுக்கொள்ளும்? நாளைக்கு அவள் பெரியவளாகி, தன் கலியாணத்தில் சம்மதமா என்று கேட்கும்போது, மனதில் உள்ளதைச் சொல்லும் தைரியம் அவளுக்கு எங்கிருந்து வரும்?

சிலர் கேட்பார்கள்: பிள்ளை சொன்னபடியெல்லாம் ஆடினால் அவனைப் பள்ளிக்கூடம் அனுப்ப முடியுமா? மருந்து கொடுக்க முடியுமா? மதரஸாவில் உட்காரவைக்க முடியுமா? நியாயமான கேள்விதான். பிள்ளையின் நன்மைக்காக அவனை வற்புறுத்துவது பெற்றோரின் கடமை. நம்முடைய மகிழ்ச்சிக்காக, நம்முடைய பெருமைக்காக வற்புறுத்துவது வேறு. மருந்து அவனுக்காக, ஓதுவது அவனுக்காக. மேடையில் ஆடுவது யாருக்காக? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் எங்கே வற்புறுத்தலாம், எங்கே விட்டுவிட வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

சபையில் சிறுவனின் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்பதற்கு நாயகம் (ஸல்) அவர்களே முன்மாதிரி. அவர்களிடம் ஒரு பானம் கொண்டுவரப்பட்டது. குடித்தபின் மீதத்தை வலப்பக்கத்தாருக்குக் கொடுப்பது முறை. வலப்பக்கம் இருந்ததோ ஒரு சிறுவர். இடப்பக்கம் பெரியவர்கள். முதலில் பெரியவர்களுக்குக் கொடுக்க அனுமதிப்பாயா என்று அந்தச் சிறுவரிடம் கேட்டார்கள். தங்களிடமிருந்து கிடைக்கும் என் பங்கை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்ற கருத்தில் அவர் மறுத்துவிட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் கோபிக்கவில்லை. பாத்திரத்தை அவர் கையிலேயே கொடுத்தார்கள். அனுமதி கேட்டது மட்டுமல்ல, மறுத்தபோது அந்த மறுப்பை ஏற்றுக்கொண்டார்கள். கேட்பது எல்லாருக்கும் எளிது, மறுப்பை ஏற்பதுதான் கடினம்.

இனிச் செலவையும் சத்தத்தையும் காரணமாகக் காட்டுவோருக்கு வருவோம். இடம் இல்லாத மண்டபத்தில் ஆயிரம் பேரை அடைக்க முடியாது என்பது உண்மை. எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளையும் அழைக்க வசதியில்லாதவர் எண்ணிக்கையைக் குறைப்பதில் குற்றமில்லை. அழைப்பது வீட்டுக்காரரின் உரிமை. ஆனால் மணமக்களின் சொந்த அண்ணன் பிள்ளையும், ராத்தா பிள்ளையும் தங்கள் சாச்சாவின் கலியாணத்தை, சாச்சியின் கலியாணத்தைப் படத்தில்தான் பார்க்க வேண்டும் என்றால் அது எப்படி முறையாகும்? பெயரளவில் தெரிந்த ஐம்பது பேருக்கு அட்டை அனுப்புகிறோம், கூடப்பிறந்தவரின் பிள்ளைக்கு இடமில்லை என்கிறோம். சத்தத்தைப் பொறுத்தவரை, ஈஜாபும் கபூலும் நடக்கும் நேரம் மிகக் குறைவு. அந்தச் சில நிமிடங்கள் கைக்குழந்தையை ஒருவர் வெளியே தூக்கிக்கொண்டு நின்றால் போதும். தொழுகையில் குழந்தையின் அழுகுரல் கேட்டால் தாயின் மனம் வருந்துமே என்று தொழுகையையே சுருக்கியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். தாயும் பிள்ளையும் பள்ளிக்கு வந்ததனால்தான் அந்த அழுகுரல் கேட்டது.

சரி, பிள்ளைக்கு அங்கே என்ன வேலை கொடுக்கலாம்? பெரிய யோசனை ஒன்றும் தேவையில்லை. வாசலில் பேரீச்சம்பழத் தட்டை ஏந்தி நின்று, வருகிறவர்களுக்கு ஸலாம் சொல்லிக் கொடுக்கலாம். பன்னீர்ச் செம்பைப் பிடிக்கலாம். வயதான நன்னாவின் கையைப் பிடித்து நாற்காலிக்கு அழைத்துப் போகலாம். நன்றாக ஓதக்கூடிய பிள்ளை விரும்பினால் ஆரம்பத்தில் கிராஅத் ஓதலாம். ஏழு வயதுப் பையன் ஒருவன் இப்படிப் பழத்தட்டோடு நின்றதைப் பார்த்தேன். ஒவ்வொருவர் சொன்ன ஸலாமுக்கும் பதில் சொல்லிச் சொல்லி அவன் குரல் தேய்ந்துவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டபோது தட்டு காலியாகட்டும், வருகிறேன் என்றான். அவனை யாரும் படம் பிடிக்கவில்லை. அவனும் அதை எதிர்பார்க்கவில்லை.

வேலையோடு விளக்கமும் வேண்டும். எனக்குக் கடை வியாபாரம். பெட்டியடியில் பக்கத்தில் நின்று பார்க்கும் பிள்ளை, தந்தேன், வாங்கினேன் என்ற இரண்டு சொற்களில் ஒரு பொருள் கைமாறுவதைக் காண்கிறான். மதரஸாவில் பிக்ஹு கிதாபு ஓதியவர்களுக்குத் தெரியும், வியாபாரத்திலும் ஈஜாபு கபூல் உண்டு, நிக்காஹிலும் உண்டு. சொல் ஒன்றாக இருந்தாலும் காரியம் ஒன்றல்ல. வாங்கின சாமானைத் திருப்பிக் கொண்டுவரலாம், விலை பேசிக் குறைக்கலாம். மனிதரைச் சாமானாக எண்ணக்கூடாது. ஆகவேதான் திருக்குர்ஆன் நிஸா அத்தியாயத்தில் இந்த பந்தத்தை உறுதிமிக்க உடன்படிக்கையென்று குறிப்பிடுகிறது. நிக்காஹ் நடக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, இதோ உன் மாமா எல்லார் முன்னிலையிலும் வாக்குக் கொடுக்கிறார், இனி மாமியைக் காப்பது அவர் பொறுப்பு, மஹர் மாமியுடைய சொந்தப் பணம், அதை யாரும் தொடக்கூடாது என்று காதோடு சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் நடத்தினாலும் ஏறாத பாடம் அந்த ஐந்து நிமிடத்தில் ஏறும்.

வாக்கைக் கற்றுக்கொடுக்கும் அதே நாளில் அவனிடம் நாம் பொய் சொல்லக் கூடாது. படத்துக்கு நின்றால் மிட்டாய் தருகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துவிடுகிறோம். அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது, அவர் தாயார், வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று கூப்பிட்டார்கள். அங்கிருந்த நாயகம் (ஸல்) அவர்கள் என்ன கொடுக்கப் போகிறாய் என்று விசாரித்தார்கள். பேரீச்சம்பழம் என்று அந்தத் தாய் சொன்னார். ஒன்றும் கொடாதிருந்தால் அது உன்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். இது அபூதாவூது கிரந்தத்தில் உள்ள செய்தி.

கடைசியாக, பேசக் கூச்சப்படும் ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். விதவையோ, தலாக்குப் பெற்றவரோ மறுமணம் செய்துகொள்வது நம் மார்க்கத்தில் கண்ணியமான காரியம். ஆனால் நம் வீடுகளில் அந்த நிக்காஹை எப்படி நடத்துகிறோம்? ஏதோ மறைக்க வேண்டிய காரியத்தைப் போல, முதல் தாரத்துப் பிள்ளைகளை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவசர அவசரமாக முடிக்கிறோம். மறுநாள் பிள்ளை திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் ஒரு புதிய மனிதர். இனி இவரை வாப்பா என்று கூப்பிடு என்கிறோம். மற்ற எந்தக் கலியாணத்தைவிடவும் இந்தக் கலியாணத்தில்தான் அந்தப் பிள்ளைக்குப் பங்கு அதிகம். மணமக்களுக்கு அடுத்தபடியாக வாழ்க்கை மாறுவது அவனுக்குத்தான். அவனை அப்புறப்படுத்திவிட்டு அதை நடத்துவது நியாயமா?

உம்முஸலமா (ரலி) அவர்கள், கணவர் அபூஸலமா (ரலி) அவர்கள் வபாத்தானபின், நாயகம் (ஸல்) அவர்கள் மணம்பேசிய போது, தமக்குக் குழந்தைகள் இருப்பதை மறைக்காமல் எடுத்துச் சொன்னார்கள். அது தடையாகவில்லை. அந்தக் குழந்தைகளில் ஒருவரான உமர் இப்னு அபீஸலமா (ரலி) அவர்கள், நாயகம் (ஸல்) அவர்களின் வளர்ப்பில் இருந்த காலத்தை நினைவுகூர்ந்து, ஒரே தட்டில் உண்ணும்போது தம் கை தட்டெல்லாம் சுற்றி அலைந்ததையும், அல்லாஹ்வின் பெயர் சொல்லி, வலக்கையால், தன் பக்கத்திலிருந்து உண்ணுமாறு தமக்குச் சொல்லிக் கொடுத்ததையும் அறிவித்திருக்கிறார்கள். அதன்பின் தாம் உண்ணும் முறை அப்படியே ஆகிவிட்டதென்றும் சொல்லியிருக்கிறார்கள். தாயின் புதிய கணவருடைய தட்டில் அந்தச் சிறுவரின் கை தயக்கமில்லாமல் அலைந்தது! அந்த வீட்டில் அவர் வேற்றாளாக இருக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? மறுமணம் நடத்துகிறவர்கள் பிள்ளையிடம் முன்னமே உட்கார்ந்து பேசுங்கள். அவன் அழுதால் அழட்டும், கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். வர விரும்பினால் நிக்காஹ் சபையில் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

சகோதரர்களே! அடுத்த கலியாணத்துக்கு அட்டை அச்சடிக்கும்போதும், துணி எடுக்கும்போதும், மண்டபத்துக்கு முன்பணம் கட்டும்போதும், வீட்டுப் பிள்ளைகளை ஒருமுறை பெயர் சொல்லி நினைத்துப் பாருங்கள். இவனுக்கு எங்கே இடம், இவளுக்கு என்ன வேலை என்று குறித்துவையுங்கள். அவர்களிடம் கேளுங்கள். வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். தூக்கம் வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாகவும், வாக்குக் காப்பவர்களாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.